சில மாதம் உள்ளே கிடந்தால் பையன் திருந்திவிடுவானா?

மும்பை தாராவியில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகனுக்கு 16 வயது 7 மாதம். சயான் ரயில் நிலையத்துக்கு வெளியே, வயதில் மூத்த இரண்டு பேருடன் சேர்ந்து ஒருவரிடம் செல்போனைப் பறித்த வழக்கில் பிடிபட்டிருக்கிறான். மூத்தவர்களில் ஒருவன் கையில் கத்தி இருந்திருக்கிறது. பையன் ஒன்பது நாளாக, விசாரணை முடியும் வரை சிறாரை வைத்திருக்கும் டோங்கிரி கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். "ஜாமீனுக்கு அவசரப்படாதீர்கள், மூன்று மாதம் உள்ளே கிடந்தால் தானாகத் திருந்துவான்" என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். வெளியே வந்ததும் கண்டிப்புக்குப் பேர்போன ஒரு தனியார் விடுதியில் சேர்த்துவிடலாம் என்கிறார் இன்னொரு உறவினர். இதில் எதைச் செய்வது என்று தெரியாமல் அக்கா அழுதுகொண்டிருக்கிறாராம்.

இரண்டும் வேண்டாம். நாளைக் காலையே ஜாமீனுக்கு ஏற்பாடு செய்யுங்கள். இந்த நகரத்தில் 22 ஆண்டுகளாகச் சிறார் வழக்குகளில் சிக்கிய குடும்பங்களோடு நடக்கிற சமூகப் பணியாளன் நான். தமிழர் நிறைய வாழும் சயான் கோலிவாடாவில் வளர்ந்தவன் என்பதால் தமிழ்க் குடும்பம் எது வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுவார்கள். 'கொஞ்ச நாள் உள்ளே இருக்கட்டும்' என்று விட்டுவைத்த பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்காகப் பின்னால் மகிழ்ந்த ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பெரியவர்களின் வழக்கில் ஜாமீன் என்றால் குற்றம் எவ்வளவு கடுமையானது என்பதை நீதிமன்றம் எடைபோடும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அப்படி இல்லை. அதன் 12ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவருக்கு ஜாமீன் கொடுப்பதுதான் விதி. மறுக்க மூன்று காரணங்கள்தான் உண்டு: வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்று நம்ப இடமிருக்க வேண்டும், அல்லது அவனுடைய ஒழுக்கத்துக்கோ உடலுக்கோ மனத்துக்கோ ஆபத்து இருக்க வேண்டும், அல்லது நீதியின் நோக்கமே கெடும் என்றிருக்க வேண்டும். குற்றத்தின் கடுமை மட்டும் ஒரு காரணம் ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஜாமீன் கிடைத்தும் அதன் நிபந்தனையை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியாமல் பையன் உள்ளேயே இருந்தால், அவனை மீண்டும் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தி நிபந்தனையைத் தளர்த்த வேண்டும். பணம் இல்லை, பிணை நிற்க ஆள் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளை உள்ளே கிடக்கக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட வரி அது. வழக்கறிஞருக்குச் செலவழிக்கவும் தேவையில்லை. குழந்தைகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் வழக்கறிஞர் யார் என்று குழும அலுவலகத்திலேயே கேளுங்கள். வாசலில் நின்று "நான் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு ஜாமீன் ஏன் மறுக்கப்படுகிறது? சில வழக்குகளில் உண்மையான காரணம் இருக்கிறது. வேறு சில வழக்குகளில் காரணம் நம் வாயிலிருந்தே போகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அக்கா இன்னும் இரண்டொரு நாளில் அலுவலர் கேள்வி கேட்கும் நாற்காலியில்தான் உட்காரப்போகிறார்.

பையன் பிடிபட்ட செய்தி வந்ததும் நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் ஒரு சமூக விசாரணை அறிக்கை தயாரிக்க வேண்டும். வீடு எப்படி, வருமானம் என்ன, பள்ளிக்குப் போனானா, யாரோடு பழகினான், பெற்றோரோடு உறவு எப்படி என்றெல்லாம் அதில் எழுதப்படும். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். பையனை அவர்கள் சில நிமிடம்தான் பார்க்க முடியும். அவனைப் பற்றி அவர்களுக்குத் தெரிவதில் பெரும்பகுதி இந்த அறிக்கையிலிருந்து வருவதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்த தாய் ஒருவர் வந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இட்லி அவித்து, பாத்திரத்தைத் தலையில் வைத்து விற்று, அதில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அலுவலர் மராத்தி கலந்த இந்தியில் கேட்டார்: "பையன் உங்கள் பேச்சைக் கேட்பானா?" அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "எங்கே கேட்கிறான்? அடங்கவே மாட்டான். நீங்களாவது கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்." நம் ஊரில் பிள்ளையை வாத்தியாரிடம் விடும்போது தாய் சொல்லும் சொல் அது. இவனை உங்கள் பிள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதற்குப் பொருள். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த இந்தியில் அதைச் சொன்னார். அறிக்கையில் அது ஒரே வரியாக ஏறியது: 'பெற்றோரின் கட்டுப்பாட்டுக்கு அடங்காதவன், வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று தாயே கேட்கிறார்.' ஜாமீன் மறுக்கப்பட்டது. தன் பிள்ளை இன்னும் ஐந்து வாரம் உள்ளே இருந்ததற்குத் தன் வாய்ச்சொல்தான் காரணம் என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

பையனுக்கு மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தாராவியில் வளர்ந்த பையனுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. தாய்க்குத்தான் புரியாது. ஆகவே நீங்கள் கூடவே போங்கள். இந்தியோ மராத்தியோ நன்றாகப் பேசக்கூடிய, குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றக்கூடிய ஒருவர் அக்காவின் பக்கத்தில் உட்கார வேண்டும். பொய் சொல்ல நான் சொல்லவில்லை. பையன் எட்டு மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை என்றால் போகவில்லை என்றே சொல்லுங்கள். அதோடு நின்றுவிடாமல், இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவான், இனிமேல் அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள், அந்த இரண்டு பேரும் எந்தச் சந்தில் குடியிருக்கிறார்கள், அவர்களை விட்டு விலகி இவன் எங்கே தங்கலாம், எந்தக் கடையில் யார் வேலை கற்றுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். "அடங்க மாட்டான்" என்பதற்குப் பதிலாக "ராத்திரி பதினொரு மணிக்கு வருவான், இனி என் தம்பி ஏழு மணிக்கே வீட்டில் இருப்பார்" என்று சொன்னால் எழுதுகிறவருக்கும் எழுத ஏதோ கிடைக்கும்.

இனி உங்கள் பெரியவர்கள் சொன்னதற்கு வருகிறேன். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளே கண்டிப்பு இருக்கும், ஒழுங்கு இருக்கும், வெளியே வந்தால் பயம் இருக்கும் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு மும்பையில் நீண்ட வரலாறு உண்டு. சிறு திருட்டுக்காகப் பிடிபட்ட பையன்களை வயதுவந்த கைதிகளோடு அடைத்தால் தேர்ந்த திருடனாகத்தான் வெளியே வருவான் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஊர் கண்டுகொண்டது. அவர்களைத் தனியே வைத்துத் தச்சும் தையலும் கற்றுக்கொடுக்க 1857இல் வணிகர் டேவிட் சசூன் பெயரில் ஒரு சீர்திருத்த நிறுவனம் ஏற்பட்டது. மாஹிமில் உள்ள டேவிட் சசூன் தொழிற்பள்ளி அந்த வழியில் வந்ததுதான். 1924இல் பம்பாய் குழந்தைகள் சட்டம் வந்தது. அதையொட்டி 1927இல், சிறார் இல்லங்களை நடத்தும் சில்ட்ரன்ஸ் எய்டு சொசைட்டி தொடங்கப்பட்டது. டோங்கிரி உமர்காடியில் இருந்த பழைய சிறை பிள்ளைகளின் இல்லம் ஆனது. 1882இல் பத்திரிகை நடத்திய திலகரும் அகர்க்கரும் 101 நாள் அடைபட்டிருந்த சிறை அது. கோலாப்பூர் அவதூறு வழக்கில் அவர்களை வைத்திருந்த அதே டோங்கிரியில்தான் இன்று உங்கள் பையன் படுத்துத் தூங்குகிறான். அந்த இடம் சிறையாகக் கட்டப்பட்டது என்பதை மதில் இன்னும் மறக்கவில்லை. முதல் முறை மகனைப் பார்க்க வரும் தாய்மார்கள் வாசலில் கால் தயங்கி நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வயதுவந்த கைதிகளிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தது மிகப் பெரிய நன்மை. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் பிரித்துக் கொண்டுபோய் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து வைத்தார்கள். அங்கேதான் சிக்கல். ஒரே கூடத்தில் முதன்முறை பிடிபட்ட பையனும் ஆறாவது முறை வந்த பையனும் இருப்பார்கள். வகுப்பும் கேரம் பலகையும் தொலைக்காட்சியும் போக மிச்சமுள்ள நேரம் முழுக்கப் பேச்சுதான். ஒரு பையன் ஆறு வாரம் கழித்து வெளியே வந்தான். அவன் சட்டையைத் துவைக்கப் போட்ட அவனுடைய அத்தை, கீழ்மடிப்பின் உள்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்ததைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். ஏழு செல்போன் எண்கள். பெயர்கள் இல்லை, வடாலா, குர்லா, மான்கூர்டு என்று இடங்களின் முதலெழுத்துகள் மட்டும். உள்ளே போனபோது அவனுக்குத் தன் சந்தில் இருந்த இரண்டு பேரைத்தான் தெரியும். வெளியே வந்தபோது துறைமுக ரயில் பாதை நெடுகிலும் ஆள் தெரிந்திருந்தது.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டும் அல்ல. தவறு செய்த இளைஞர்களை ஒரே கூட்டமாக வைத்துத் திருத்த முயன்றால் அவர்கள் ஒருவரை ஒருவர் கெடுத்துக்கொள்வது உண்டு என்று அமெரிக்க உளவியலாளர் தாமஸ் டிஷியனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999இலேயே எழுதினார்கள். பிள்ளைகளைச் சிறைக்கு அழைத்துப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டி பயமுறுத்தும் திட்டங்கள் அமெரிக்காவில் பெரும் புகழோடு நடந்தன. அவற்றை ஒழுங்காகச் சோதித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பயமுறுத்தப்பட்ட பிள்ளைகள் சும்மா விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். சிகாகோவில் கடுமையான நீதிபதியிடம் வழக்கு போன பிள்ளைகளையும் இளகிய நீதிபதியிடம் போனவர்களையும் ஒப்பிட்டு 2015இல் ஒரு ஆய்வு வந்தது. வழக்கு எந்த நீதிபதிக்குப் போகும் என்பது தற்செயலாக அமைந்ததால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு அதிகம். அடைக்கப்பட்டவர்கள் பள்ளிப் படிப்பை முடிப்பது குறைந்திருந்தது. பெரியவர்களான பிறகு சிறைக்குப் போவது கூடியிருந்தது. மூன்று மாதம் உள்ளே கிடக்கட்டும் என்கிற உங்கள் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அவர்கள் அனுபவசாலிகள், கேட்பார்கள்.

இல்லங்களில் நல்லதே நடப்பதில்லை என்று நான் சொன்னால் அது அநியாயம். போதைக்காக ஒயிட்னர் முகர்ந்து முகர்ந்து சோறு இறங்காமல் வந்த பையன் இருபது நாளில் முகம் தெளிந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு தையல் ஆசிரியர் இருந்தார். ஒவ்வொரு பையனும் தைத்த முதல் தலையணை உறையை அவன் வீட்டுக்குப் போகும் நாளில் மடித்து அவன் கையில் கொடுப்பார். அதை இருபது வயதிலும் வைத்திருந்த இளைஞனை எனக்குத் தெரியும். வீட்டில் அடி உதை, திரும்பிப் போனால் கும்பல் கொன்றுவிடும் என்கிற நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு அந்த மதில் உண்மையிலேயே பாதுகாப்பு. அப்படிப்பட்டவர்களைக் குழந்தைகள் நலக் குழுவிடம் அனுப்பவும் வழி உண்டு. உங்கள் பையனுக்குத் தாய் இருக்கிறார், தாய்மாமன் நீங்கள் இருக்கிறீர்கள். அவனுக்கு அது தேவையில்லை.

அடுத்தது அந்தக் கத்தி. இதைக் கவனமாகப் படியுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவில், பறிப்புக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு தண்டனை. இளைஞர் நீதிச் சட்டத்தின் கணக்கில் அது சிறு குற்றம். ஆனால் கொள்ளையின்போது கொலைக்கருவியைப் பயன்படுத்தினால் 311ஆம் பிரிவு வரும். அதில் குறைந்தபட்ச தண்டனையே ஏழு ஆண்டு. ஏழு ஆண்டு குறைந்தபட்சம் என்றாலே இளைஞர் நீதிச் சட்டம் அதைக் கொடுங்குற்றம் என்று வகைப்படுத்தும். பையனுக்கு 16 நிரம்பியிருந்தால், குழுமம் முதல்கட்ட மதிப்பீடு ஒன்றைச் செய்து, அவன் வழக்கை, பெரியவரைப்போல அவனை விசாரிக்கக்கூடிய குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாமா என்று முடிவெடுக்கும். 2012 தில்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்குக்குப் பிறகு எழுந்த கோபத்தில் 2015 சட்டத்தில் சேர்க்கப்பட்ட வழி இது. இவ்வளவு பெரிய மாற்றத்துக்குக் காரணம் ஒரு கத்தி, அதுவும் இன்னொருவன் கையில் இருந்தது!

ஆனால் அந்தப் பிரிவு கருவியைப் பயன்படுத்தியவனையே குறிக்கிறது; கூட நின்றவன் மேல் தானாக ஏறாது. முதல் தகவல் அறிக்கையில் எல்லோர் பெயரிலும் சேர்த்து எழுதிவிடுவது வழக்கம். பையன் கையில் எதுவும் இல்லை என்பதை வழக்கறிஞர் முதல் நாளிலேயே குழுமத்தின் முன் எடுத்துச் சொல்ல வேண்டும். மதிப்பீடு வரைக்கும் போனாலும், அது குற்றம் செய்தானா என்கிற விசாரணை அல்ல. அந்தச் செயலைச் செய்யும் உடல், மன வலிமை அவனுக்கு இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்பதைத்தான் பார்ப்பார்கள். இது மிக நுட்பமான வேலை, குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் உளவியலாளரின் உதவியைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். மூத்த இருவரின் வழக்கு தனி, இவன் வழக்கு தனி. இரண்டையும் சேர்த்து நடத்தக் கூடாது.

வயதுச் சான்றிதழை மறந்துவிடாதீர்கள். சட்டம் முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்றிதழையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோ பார்க்கும். அது இல்லாவிட்டால் மாநகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்புப் பரிசோதனை. ஆதார் அட்டை இந்த வரிசையிலேயே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் பாட்டி வீட்டில் பிறந்து மும்பையில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தேதி மாறிப் பதிவாவது நம் குடும்பங்களில் சகஜம். குற்றம் நடந்த நாளில் அவனுக்கு 16 நிரம்பவில்லை என்றால் மேலே சொன்ன மதிப்பீட்டுக்கே இடமில்லை. ஊரில் உள்ளவர்களிடம் சொல்லி ஊராட்சிப் பதிவை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அந்தத் தனியார் விடுதியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. கண்டிப்பான விடுதி, சீர்திருத்த முகாம், போதை மீட்பு மையம் என்று பல பெயர்களில் இவை வரும். மாதம் இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு, 'முதல் மூன்று மாதம் பெற்றோர் பார்க்க வரக் கூடாது' என்று ஒரு விதி வைப்பார்கள். அந்த விதி ஒன்று போதும், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கடன் வாங்கி ஓர் இடத்தில் 15 வயதுப் பையனைச் சேர்த்தது. நான்காவது மாதம் நாங்கள் போய்ப் பார்த்தபோது பையன் மெலிந்திருந்தான், கேட்டதற்கெல்லாம் "சரி ஐயா" என்றான். உட்காரும்போது அவன் கால்சட்டை மேலே ஏறியது. கணுக்காலைச் சுற்றிக் கறுத்த தழும்பு. சங்கிலி போட்டிருக்கிறார்கள். அப்பா அதைப் பார்த்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளையோ வழக்கில் சிக்கிய பிள்ளைகளையோ தங்க வைக்கும் எந்த இல்லமும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ உண்டு. போதை மீட்பு என்று சொன்னால் அதற்கு 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் பொருந்தும். 18 வயதுக்குட்பட்டவரை உள்நோயாளியாகச் சேர்ப்பது விதிவிலக்கான நிலையில் மட்டுமே. பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. வீட்டார் ஒருவரோ அவர்கள் அமர்த்திய ஒருவரோ கூடவே தங்கியிருக்க வேண்டும். பெற்றோரே வரக் கூடாது என்கிற இடம் இந்தச் சட்டத்துக்கு நேர் எதிரானது. தாயும் தந்தையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் அடிப்பது குற்றம்தான்.

உங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு யோசனையும் எழும். "ஊருக்கு அனுப்பிவிடலாம்." தாராவித் தமிழ்க் குடும்பங்களில் இது எழாத வழக்கே கிடையாது. இதை நான் முழுக்க மறுக்கமாட்டேன். சித்தப்பா ஒருவர் ஊரில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார், பையனைப் பக்கத்திலேயே உட்காரவைத்துத் தொழில் கற்றுக்கொடுத்தார், அவன் இன்று தென்காசிப் பக்கம் தனிக் கடை போட்டிருக்கிறான். ஆனால் கண் தெரியாத பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தால், அவன் மூன்றாம் மாதம் டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறித் தாதர் வந்து இறங்குவான். அனுப்புவதானால் குழுமத்திடம் சொல்லி அனுமதி வாங்கியே அனுப்புங்கள். அங்குள்ள நன்னடத்தை அலுவலரிடம் மேற்பார்வையை மாற்றக் கேட்கலாம். சொல்லாமல் அனுப்பி விசாரணை நாளைத் தவறவிட்டால், கிடைத்த ஜாமீனும் போகும்.

நான் கண்ட வரையில் பலன் தருவது இதுதான்: பையன் வீட்டில் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை ஒரு பெரியவர் அவனை உட்காரவைத்துப் பேச வேண்டும், பகலில் போக ஓர் இடம் இருக்க வேண்டும். பள்ளி இவனைத் திரும்பச் சேர்க்கத் தயங்கினால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியே பத்தாம் வகுப்பு எழுதலாம். குழுமமே கடைசியில் இப்படி உத்தரவிடலாம். கண்டித்து அனுப்புவது, குழு ஆலோசனை, சமூக சேவை, மூன்று ஆண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பு என்று பல வழிகள் அதன் கையில் இருக்கின்றன. குற்றம் உறுதியான சிறாரை வைக்கும் சிறப்பு இல்லம் அதில் கடைசி வழி, அதுவும் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது. விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இழுக்கும். ஒவ்வொரு தேதிக்கும் பையனோடு அக்காவும் தவறாமல் போனால் அது கண்ணில் படும். குழுமத்தில் உட்காருகிறவர்கள் மனிதர்கள். எந்தத் தாய் வருகிறார், எந்தத் தாய் வரவில்லை என்பது அவர்களுக்கு நினைவிருக்கும்.

பெயர் கெட்டுவிடுமே என்று நீங்கள் அஞ்சுவது புரிகிறது. குழுமமே முடிக்கும் வழக்கு அவனுடைய பிற்காலத் தகுதியைப் பாதிக்காது, ஆவணங்களும் குறித்த காலத்துக்குப் பின் அழிக்கப்பட வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. குழந்தைகள் நீதிமன்றம் வரை போய்க் குற்றம் உறுதியானால் இந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம். கத்தி விஷயத்தில் நான் அவ்வளவு அழுத்திச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் யாராவது அவன் படத்தைப் போட்டிருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். வழக்கில் உள்ள சிறுவனின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். இதைச் சொன்னாலே பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

நாளை சயானில் மெதுவான ரயில் பிடித்து சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்குங்கள், அங்கிருந்து நடந்துவிடலாம். பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, வீட்டு வாடகை ரசீது, அக்காவின் அடையாள அட்டை, எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. பையனைப் பார்க்கும்போது "ஏன்டா இப்படிச் செய்தாய்" என்று தொடங்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்கட்டும். அடித்தார்களா என்றும் கேட்கட்டும். அடித்ததாகச் சொன்னால் குழுமத்திடம் அன்றே சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. அங்கே கூடத்தில் இரவெல்லாம் விளக்கு எரியும். அங்கிருந்து வந்த பல பிள்ளைகளுக்கு வீட்டின் இருட்டில் தூக்கம் வருவதில்லை. அதை வெளியே சொல்லவும் வெட்கப்படுவார்கள். புரண்டு புரண்டு படுப்பான், பிறகு மெல்லக் கதவைத் திறந்து வெளியே போய் நிற்பான். வீட்டார் அதைப் பார்த்துப் பழைய சகவாசத்துக்குத்தான் கிளம்பிவிட்டான் என்று சண்டை பிடிப்பார்கள். உங்கள் பையன் வந்த முதல் இரவு அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். அணைத்துவிடுங்கள் என்று அவனே சொல்கிற வரைக்கும்.